மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லையா?

கூலிப் பட்டுவாடாவுக்கு முதல் நாள் மாலை. நூல் இருப்பு, நெய்து வந்த உருப்படிகள், அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகை ஆகிய யாவும் சங்கத்து மடிக்கணினியில் இருக்கின்றன. பிளக்கைச் செருகினால் சார்ஜ் ஏறவில்லை; திரையில் வெளிச்சமும் இல்லை. “பேட்டரி போய்விட்டது” என்கிறார் ஒருவர். “இயந்திரமே போய்விட்டது” என்கிறார் மற்றொருவர். இத்தகைய வேளையில் அவசரப்பட்டுப் பணத்தைச் செலவிடுவதற்கு முன் நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. அவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மடிக்கணினிக்குச் சொல்லுவன பெரும்பாலும் டேப்லெட்டுக்கும் பொருந்தும்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கிணறு வற்றிவிட்டது என்று உடனே முடிவு கட்டுகிறோமா? மோட்டார் ஓடுகிறதா, குழாய் உடைந்திருக்கிறதா, வாய்க்காலில் அடைப்பு உண்டா, மடை திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறோம். மின்சாரத்துக்கும் அப்படி ஒரு பாதை உண்டு. சுவரிலுள்ள பிளக் பாயிண்டு, சார்ஜர், கேபிள், கருவியிலுள்ள சார்ஜ் துவாரம், கடைசியாகப் பேட்டரி என்பது அதன் வரிசை. முதல் நான்கில் உள்ள குறையைப் பெரும்பாலும் நாமே கண்டுபிடித்துவிடலாம், செலவும் சொற்பம். ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறவர் வீணாகப் பணம் இழக்க நேரும். ஒரு விதியை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜரையும் கேபிளையும் சேர்த்து மாற்றினால், குற்றம் எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

பிளக் பாயிண்டு

மேஜை விளக்கு ஒன்றை அதே பாயிண்டில் செருகிப் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்தால் அதை விலக்கிவிட்டுச் சுவரிலேயே நேராகச் செருக வேண்டும். நம் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று பொதுவாக அச்சிட்டிருக்கும். ஆகையால் பம்புசெட் ஓடும்போது அழுத்தம் சற்றுக் குறைவதால் சார்ஜ் நின்றுவிடாது. அழுத்தம் திடீரென்று உயர்வதே கேடு விளைவிப்பது. இடி மின்னலின்போதும், தடைப்பட்ட மின்சாரம் திரும்பி வரும் சமயத்திலும் பிளக்கைக் கழற்றி வைப்பது நலம்.

சார்ஜரும் கேபிளும்

சில சார்ஜர்களில் சிறு விளக்கு ஒன்று இருக்கும். சுவரில் செருகியும் அது எரியவில்லையென்றால் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். தனியே இருக்கும்போது எரிந்து, கணினியில் இணைத்தவுடன் அணைந்துவிட்டால், கணினிக்குள்ளோ சார்ஜரிலோ கோளாறு இருக்கிறது. மேலும் முயலாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். சாதாரணக் கைப்பேசி சார்ஜர் 5 வோல்ட், 1 ஆம்பியர் தருமானால் அதன் ஆற்றல் 5 வாட்தான். மடிக்கணினிக்கோ 45 அல்லது 65 வாட் வேண்டியிருக்கும். சிறு கால்வாயைக் கொண்டு பெரிய வயலை நனைக்க முயல்வது போன்றது இது. டேப்லெட்டிலும் இதே கதைதான்: திரை எரிந்துகொண்டிருக்கும்போது 5 வாட் சார்ஜர் கொடுப்பதெல்லாம் உடனுக்குடன் செலவாகி, சார்ஜ் ஏறாதது போலத் தோன்றும்.

இப்போது ‘டைப்-சி’ என்னும் ஒரே வகைத் துவாரம் பரவி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. துவாரம் ஒன்றாகிவிட்டதால் சார்ஜர்களும் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. வாட் அளவைப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட்டுக்கு மேல் தாங்காது. சில மடிக்கணினிகளில் இத்தகைய துவாரம் இரண்டு இருந்தும் ஒன்றில் மட்டுமே சார்ஜ் ஏறும். உருண்டை முனையுள்ள பழைய வகையில் சார்ஜரை மாற்றும்போது வோல்ட் சரியாக ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைவாக இருத்தல் கூடாது.

கேபிளில் வெளித்தோல் முழுதாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். பெரும்பாலும் முனையை ஒட்டி மடங்கும் இடத்தில்தான் அறும். அந்த இடத்தை மெல்ல அசைக்கும்போது சார்ஜ் வந்து வந்து போனால் கேபிளைக் கழித்துவிட வேண்டியதுதான். டேப் சுற்றி ஓட்டுவது சிக்கனமன்று. அது சூடேறித் தீங்கு விளைவிக்கும்.

சார்ஜ் துவாரம்

நெசவாளர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி துவாரத்தில் புகுந்து, கேபிளைச் செருகும்தோறும் அடியில் போய் அமுங்கித் தக்கைபோல் ஆகிவிடுகிறது. கேபிளின் முனை முழுதும் உள்ளே போகாமல் ஆடினால் இதுவே காரணமாக இருக்கலாம். கருவியை அணைத்து, கேபிளைக் கழற்றி, வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். பிறகு காய்ந்த ஈர்க்கையோ மெல்லிய மரக்குச்சியையோ கொண்டு ஓரமாக மெல்லத் துழாவித் தூசியை எடுக்கலாம். ஊக்கு, ஊசி போன்ற உலோகம் எதுவும் ஆகாது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். அதையும் தவிர்க்க வேண்டும். வயலில் டேப்லெட் மழையில் நனைந்திருந்தால், நன்றாக உலரும் வரை செருகவே கூடாது.

சற்றுப் பொறுத்தல்

அடியோடு தீர்ந்துபோன பேட்டரி, செருகிய உடனே உயிர்காட்டாது. அரை மணி நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். அதற்கும் அசையாத டேப்லெட்டில், சார்ஜர் இணைப்பில் இருக்கும்போதே, ஆன் செய்யும் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் எடுத்துவிட்டு, அதே பொத்தானை 30 விநாடி அழுத்திய பின் மீண்டும் இணைக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, இயந்திரம் புதிதாகத் தொடங்கும்.

80 சதவீதத்தோடு சார்ஜ் நின்றுவிடுவது பல கருவிகளில் குறையே அன்று. பேட்டரியின் ஆயுளைக் காக்கச் செய்துள்ள ஏற்பாடு. கருவி மிகுந்த சூடாக இருந்தாலும் சார்ஜ் தானே நின்றுவிடும். வெயிலிலும் மெத்தை மேலும் வைக்காமல், நிழலில் ஆறவிட்டால் மீண்டும் ஏறத் தொடங்கும்.

பேட்டரி

இத்தனையும் பார்த்த பிறகே பேட்டரியைக் குறை கூற வேண்டும். 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயன் வகையே இன்று இக்கருவிகளில் இருக்கிறது. உபயோகிக்க உபயோகிக்க அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கிய பின் இக்குறைவு நன்றாகத் தெரியும். அது பழுதன்று, மூப்பு. மாற்றுவதே வழி.

ஆனால் ஒரு குறியைக் கண்டால் எந்தச் சோதனையும் செய்யாமல் நிறுத்திவிட வேண்டும். மடிக்கணினியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை, விரலால் தடவும் பகுதி மேலெழும்பியிருக்கிறது, டேப்லெட்டின் திரை ஓரத்தில் பிரிந்திருக்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றும். நூலும் பஞ்சும் நிறைந்த இடத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, நூல் கட்டுகளுக்கு எட்டாத தூரத்தில் சிமெண்டுத் தரையில் வைத்து, தேர்ந்த பழுது பார்ப்பவரை அணுக வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பையில் எறியக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியிருக்கின்றன.

சங்கத்தின் கடமை

சோதனைக்கு வேண்டியது சரியான மற்றொரு சார்ஜரும் கேபிளும். தனி ஒருவர் இதற்கென்று வாங்கி வைப்பது இயலாது. டைப்-சி வகையில் 65 வாட் சார்ஜர் ஒன்றும், அதற்கேற்ற கேபிள் ஒன்றும் சங்க அலுவலகத்தில் பொதுவாக இருந்தால், அவ்வகைக் கருவியுள்ள அங்கத்தினர் எவரும் வந்து சோதித்துக்கொள்ளலாம். இதுவும் கூட்டுறவே. கணக்குகளின் பிரதி ஒன்றை வாரந்தோறும் வேறோர் இடத்தில் எடுத்து வைப்பதையும் காரியதரிசிகள் வழக்கமாகக் கொள்ள வேண்டும். அப்படிச் செய்திருந்தால், கருவி ஒரு நாள் கண் திறக்காவிட்டாலும் நெசவாளியின் கூலி ஒரு நாளும் நிற்காது.