பச்சைக் கல்லும் தாமிரச் சுரங்கமும்

கிணறு தோண்டும்போதோ, கரட்டு நிலத்தைத் திருத்தும்போதோ பச்சை நிறம் படிந்த கற்கள் சிற்சில இடங்களில் அகப்படுவதுண்டு. அவ்விதக் கல் ஒன்று கிடைத்துவிட்டால், கீழே தாமிரச் சுரங்கம் இருக்கிறதென்னும் பேச்சு சில தினங்களுக்குள் ஊரெங்கும் பரவிவிடும். அப்பால் தரகர்கள் வரத் தொடங்குவார்கள். பேச்சை நம்பாமல் நிலத்தை அற்ப விலைக்கு விற்பவரும் உண்டு. அதிகமாய் நம்பி, பயிரிடாமல் நிலத்தைத் தரிசாய்ப் போட்டுக் கடன்படுபவரும் உண்டு. ஆகவே பச்சைக் கல்லுக்கும் சுரங்கத்துக்கும் இடையேயுள்ள தூரம் எத்தன்மையது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

அப்பச்சைக் கல்லுக்கு மலாக்கைட் என்று பெயர். தாமிரமும் கரியமிலவாயுவும் நீரும் கூடி உண்டான பொருள் அது. சுத்தமான மலாக்கைட்டில் நூற்றுக்கு 57 பங்குக்கு மேல் தாமிரம் உண்டு. ஆனால் பூமிக்குள் தாமிரம் முதலில் அமைந்திருப்பது இவ்வுருவில் அன்று. பெரும்பாலும் கந்தகத்தோடும் இரும்போடும் சேர்ந்து, பித்தளை போல் மின்னும் சால்கோபைரைட் என்னும் தாதுவாகவே இருக்கிறது. மழைநீரும் காற்றும் மேலிருந்து இறங்கி இத்தாதுவைத் தாக்கும்போது கந்தகத் திராவகம் உண்டாகிறது. அத்திராவகம் தாமிரத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. இரும்பு மட்டும் துருவாகி மேலே நின்றுவிடுகிறது. செம்மண்ணோ செங்கல் பொடியோ என்று தோன்றும் இத்துருப்பாறையே அனேக இடங்களில் தாமிரத்தின் மூடியாக அமைகிறது. கரைந்திறங்கிய தாமிரம் நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும், அங்கே காற்று இல்லாமையால், முன்னிருந்த தாதுவின்மேல் படிந்து சால்கோசைட் என்னும் கருநிறத் தாதுவாக மாறுகிறது. சுத்தமான சால்கோபைரைட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 35 பங்கு தாமிரம். சால்கோசைட்டிலோ ஏறக்குறைய 80 பங்கு. ஆதலால், பார்வைக்கு ஒன்றுமில்லாத துருமேட்டின் கீழே மிகச் செழிப்பான அடுக்கு இருக்கக்கூடும். பளபளவென்று பச்சை காட்டும் பாறையின் கீழே ஒன்றுமே இல்லாமலும் போகக்கூடும். கண்ணால் கண்டது மட்டும் இவ்விஷயத்தில் சாட்சியாகாது.

நமது தேசத்தில் பூமியின் மேற்பரப்புக்கு அருகில் கிடைத்த தாமிரத்துக்குச் சிறந்த உதாரணம் மத்தியப் பிரதேசத்துப் பாலாகாட் ஜில்லாவிலுள்ள மலாஞ்ச்கண்ட். அங்கே கருங்கல் பாறையின் நடுவே, பிறை வடிவாய் வளைந்து, இரண்டரைக் கிலோமீட்டருக்குக் குறையாத நீளத்துக்கு வெள்ளைக் கற்படை ஒன்று குன்றாக எழுந்து நின்றது. அப்படையினுள்ளே தாமிரத் தாது பரவியிருந்தது. இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவினர் 1960-களின் பிற்பகுதி முதல் அதைத் துருவி ஆராயலாயினர். 1967-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் காப்பர் என்னும் ஸர்க்கார் கம்பெனி 1982-இல் அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தை நடத்தத் தொடங்கியது. தாது இருப்பது தெரிந்த பின்னும் சுரங்கமாவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதை நேயர்கள் கவனிக்க.

அவ்வளவு காலம் எதற்கு? பூகர்ப்ப நிபுணர் முதலில் செய்வது நடந்து பார்ப்பதே. பாறைகளின் வகை, சாய்வு, வெடிப்பு ஆகியவற்றைப் படமாக வரைகிறார். பூர்வீகர் வெட்டிய குழிகளும் உருக்கிக் கொட்டிய கசடு மேடுகளும் இருந்தால் அவை பேருதவியாகும். சிங்பூமிலும் ராஜஸ்தானத்துக் கேத்ரியிலும் இவ்வடையாளங்கள் ஏராளம். அடுத்தபடியாக, நிலத்தில் குறித்த இடைவெளிகளில் மண்ணெடுத்துப் பரீக்ஷிக்கிறார்கள். எங்கே தாமிரத்தின் அளவு உயர்கிறதோ அங்கே, படையின் குறுக்கே, நீண்ட அகழி வெட்டுகிறார்கள். அகழியின் பக்கத்தில் ஒவ்வொரு முழத்துக்கும் விடாமல் சீராகச் செதுக்கியெடுத்த கல்லே நியாயமான மாதிரி. தரகர் மடியில் முடிந்துகொண்டு வரும் கல், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியது. ஒரு களத்து நெல்லின் தரத்தைப் பொறுக்கியெடுத்த பத்து மணிகளால் தீர்மானிப்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு அக்கல்லைக் கொண்டு மதிப்பிடுவதும்.

அகழியில் நம்பிக்கை பிறந்தால்தான் துரப்பணம். வைரத்துணுக்குகள் பதித்த வளையத்தைச் சுழற்றி, பாறையைத் துளைத்து, உள்ளிருந்து நீண்ட உருளையாகக் கல்லை எடுக்கிறார்கள். அதனை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிவிட்டு, மறுபாதியைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். பின்னர் சந்தேகம் வந்தால் அதுவே பத்திரம். இத்துளைகளை முதலில் தூரதூரமாகவும் பிறகு நெருக்கமாகவும் போட்டு, தாது எவ்வளவு நீளம், அகலம், ஆழம், எத்தனை டன், நூற்றுக்கு எத்தனை பங்கு தாமிரம் என்பதைக் கணக்கிடுகிறார்கள். பெருஞ்செலவு பிடிக்கும் வேலை இது. நடுவில் கைவிடப்படும் இடங்களே அதிகம்.

ஏன் கைவிடப்படுகின்றன என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு கிராமத்தில் 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 30 மீட்டர் ஆழமும் உள்ள தாதுப்படை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது பெரிய புதையலாகவே தோன்றும். கன மீட்டருக்கு 2.7 டன் வீதம் அது 81,000 டன் கல். நூற்றுக்கு ஒரு பங்கு தாமிரமென்றால், ஒன்றும் வீணாகாவிடினும், 810 டன் தாமிரம். மலாஞ்ச்கண்டில் ஆரம்பத்தில் அமைத்த ஆலை வருஷத்துக்கு 20 லக்ஷம் டன் கல்லை அரைக்கும் சக்தியுடையது. நமது புதையல் அதற்குப் பதினைந்து நாள் தீனிதான்! பதினைந்து நாள் வேலைக்காக ஒருவரும் ஆலை கட்டமாட்டார்.

மேற்பரப்புக்கு அருகிலுள்ள தாதுவுக்கு விசேஷ அனுகூலம் ஒன்றுண்டு. சுரங்கப் பாதை குடையாமல், மேலிருந்தே படிப்படியாக வெட்டி எடுக்கலாம். ஆயினும் குழி ஆழமாக ஆக, பக்கங்கள் சரியாதபடி அதன் வாயையும் அகலப்படுத்த வேண்டும். அப்போது ஒரு டன் தாதுவுக்காகப் பல டன் வெறுங்கல்லை அகற்ற நேரிடுகிறது. ஒரு கட்டத்தில் அச்செலவு தாங்காது. மலாஞ்ச்கண்டிலும் திறந்த குழி ஆழமான பிறகு அதன் அடியில் நிலத்தடிச் சுரங்கம் அமைக்க நேர்ந்தது.

வெட்டிய தாதுவைப் பக்குவப்படுத்துவது இருவகை. கந்தகத் தாதுவாயின் மாவாக அரைத்து, நீரில் கலந்து, சில மருந்துகளைச் சேர்த்துக் காற்றூதுகிறார்கள். தாமிரத் தூள் குமிழிகளில் ஒட்டி நுரையாய் மேலே மிதக்கும். மற்றது அடியில் தங்கும். மேற்பரப்பிலுள்ள பச்சைத் தாதுவுக்கு இம்முறை நன்றாய்ப் பலிப்பதில்லை. அதனை உடைத்துக் குவியலாகக் கொட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தைத் தெளித்தால் தாமிரம் கரைந்து வடிகிறது. அவ்வடிநீரில் பழைய இரும்பைப் போட்டுத் தாமிரத்தைப் படியவைப்பது பழைய வழக்கம். பிற்காலத்தில் மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் முறை பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்தது. இரும்பில் தாமிரம் படிவது நமது விவசாயிகளுக்குப் புதிதன்று. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ மருந்து தயாரிப்பவர்கள், அதில் கத்தியை நனைத்துப் பார்ப்பார்கள். கத்தியில் சிவப்புப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்பது பொருள். மயில்துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கலாகாது என்பதும் இக்காரணம் பற்றியே.

இனி நீரைப் பற்றி. மழையும் காற்றும் தாதுவிலிருந்து திராவகத்தை உண்டாக்குகின்றன என்று முன்னர்க் கூறினோம். மூடியிருந்த பாறையில் அது யுகக்கணக்கில் மெதுவாக நடக்கும்; உடைத்துக் குவித்த கல்லிலும் அரைத்துத் தேக்கிய சேற்றிலுமோ அதிவேகமாய் நடக்கும். அமெரிக்காவில் மொன்டானா ராஜ்யத்துப் பியூட் நகரில் 1955-இல் தொடங்கிய பெர்க்லி தாமிரக் குழி 1982-இல் மூடப்பட்டது. நீர் இறைக்கும் யந்திரங்களை நிறுத்தியதும் குழியில் புளித்த நீர் ஏறத் தொடங்கிற்று. 1995-இல் அந்நீரில் இறங்கிய வெள்ளை வாத்துகள் நூற்றுக்கணக்கில் மாண்டன. சுரங்கம் ஓய்ந்த பிறகும் அந்நீரைச் சுத்திகரிக்கும் செலவு ஓயவில்லை. ஆகையால், சுரங்கம் வரும் என்று கேள்விப்பட்டவுடன் விலையைப் பற்றி மட்டும் விசாரிப்பது போதாது. கழிவுக்கல் எங்கே கொட்டப்படும், சேற்றுத் தேக்கத்தின் கீழ்ப்புறம் யாருடைய ஏரி இருக்கிறது, மூடும்போது செலவு யாருடையது என்பவற்றையும் கேட்க வேண்டும்.

சட்ட விஷயத்தில் மூன்று சங்கதிகள் தெரிந்திருத்தல் நலம். நிலத்தடிக் கனிமம் எப்போதும் ஸர்க்காருடையதே என்று எங்கும் சொல்லிவருகிறார்கள். ஆனால் 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு, மலபார் ஜன்ம நிலங்கள் சம்பந்தமான வழக்கில், சட்டப்படி வேறுவிதமாக நீக்கப்பட்டாலன்றி அடிமண் கனிமம் நிலச் சொந்தக்காரரையே சேரும் என்று தீர்ப்பளித்தது. எனினும் சொந்தம் வேறு, வெட்டும் உரிமை வேறு. 1957-ஆம் வருஷத்துக் கனிமச் சட்டப்படி குத்தகை பெறாமல் எவரும் தாமிரம் வெட்டலாகாது. இரண்டாவது, உரிமம் பெற்றவர் சோதனைக்காகவோ சுரங்கத்துக்காகவோ நிலத்தில் பிரவேசித்தால், நிலத்தை அனுபவிப்பவருக்கு நேரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டுமென்று அச்சட்டத்தின் 24-ஏ பிரிவு விதிக்கிறது. துரப்பண வண்டி மிதித்த பயிரும் அதில் அடங்கும். மூன்றாவது, 2015-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் ஜில்லாதோறும் கனிம அறநிதி ஏற்பட்டது. ஸர்க்காருக்குச் செலுத்தும் உரிமைத் தொகைக்கு மேல், பழைய குத்தகைக்காரர் அத்தொகையில் நூற்றுக்கு 30 பங்கும், ஏலத்தில் எடுத்த புதியவர் 10 பங்கும் இந்நிதிக்குக் கட்டவேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களின் நன்மைக்கே அப்பணம் ஏற்பட்டது. குடிநீரும் வைத்திய வசதியும் பள்ளிக்கூடமும் அதில் கேட்கத் தக்கவை. கேட்கும் கிராமம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்.

அவ்வெழுத்துக்கு ஆதாரமாகச் சங்கம் இப்பொழுதே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. முதல் துரப்பண வண்டி ஊருக்குள் வருமுன்னர், எல்லையிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அளந்து, தேதியிட்டுச் சங்கப் புஸ்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். நாலைந்து கிணறுகளின் நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, புளிப்பும் தாமிரமும் இரும்பும் எவ்வளவு என்று ரசீதுடன் அறிக்கை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். பிற்பாடு நீர் கெட்டதென்று முறையிடும்போது, முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அவ்வறிக்கை ஒன்றே அத்தாட்சி.