முழங்கால் சிகிச்சையும் வலி நிவாரணமும்

பிரதம மந்திரியாக இருந்த ஸ்ரீ வாஜ்பாய் 2000-ஆம் வருஷத்தில் ஒரு முழங்காலுக்கும், மறு வருஷம் மற்றொன்றுக்கும் பம்பாயில் மாற்று மூட்டுப் பொருத்திக்கொண்டார். அக்காலத்தில் அது சீமான்களுக்கே உரிய வைத்தியம் என்று ஜனங்கள் எண்ணினர். இன்று நிலைமை மாறிவிட்டது. 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தனர். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட் குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கிற்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைகளும் இச்சிகிச்சையைப் பெறுகின்றனர். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், மூட்டு மலிந்தது போல் வலி நிவாரணமும் ஏழைக்கு எளிதாயிற்றா? இதுவே நமது கேள்வி.

செஞ்சிக்கு அருகிலுள்ள அவலூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். ஆயுள் முழுதும் நெல் வயலிலும் மணிலாக் கொல்லையிலும் குந்திக் களையெடுத்த ஒரு மூதாட்டி, பட்டணத்து ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுச் சில தினங்களில் வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதுகுத்தண்டிலும் நரம்பிலும் போட்ட மருந்தின் வேகம் தணிந்தபின் நோவு தலைதூக்குகிறது. முதல் இரண்டு வாரங்களே மிகக் கடினமானவை. அப்பொழுது அவளுக்கு அருகில் வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை.

வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருந்தால் மூட்டு இறுகிப்போகும். பின்னர் மடக்குவதும் நீட்டுவதும் அரிதாகும். ஆகவே மாத்திரையை வைத்தியர் சொன்ன வேளை தவறாமல் உண்டு, அதன் பலன் இருக்கும்போதே பயிற்சி செய்வது உத்தமம். துணியில் சுற்றிய பனிக்கட்டியை கால் மணி நேரம் வைத்தால் வீக்கம் தணியும். சுகமாயிருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது பிசகு. கால் மடங்கியபடியே இறுகிவிடும். குதிகாலின் கீழ் வைத்துக் காலை நீட்டுவதே முறை.

கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிலும் அபாயம் உண்டு. ஒரே பாராசிட்டமால் இரண்டு பெயர்களில் வந்து அளவு மீறினால் ஈரல் கெடும். டைக்ளோஃபினாக் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், மூத்திரப்பிண்டத்தைத் தாக்கும். டிராமடால் தலைசுற்றலையும் மலச்சிக்கலையும் தரும். கெண்டைக்கால் வீங்கி நொந்தால் உருவிவிடலாகாது, இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதுவும், ஜுரமும், காயத்தில் சீழும், மூச்சுத் திணறலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். பத்தில் ஒருவர் இருவருக்கு மாதக்கணக்கில் நோவு நீடிப்பதும் உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது வைத்தியரின் கடமை.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். மூட்டு மாற்றியவர்களின் பெயரை, ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும் தினத்திலேயே அவரவர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த மாத்திரை, எவ்வேளை, எத்தனை நாள் என்பதைத் தெளிவான தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருள் தேவையில்லை, சிரத்தையே தேவை.

ஊர்தோறும் உழைக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுப்பதுடன் தொண்டு முடிந்துவிடவில்லை. சிகிச்சை முடிந்து திரும்பியவரின் வாசலுக்கு மறு வாரம் சென்று, "கால் மடங்குகிறதா, அம்மா?" என்று விசாரிப்பதும் தேசத் தொண்டே. சர்க்கார் பணத்தில் பொருத்திய மூட்டு, கவனிப்பாரின்றித் திண்ணையில் முடங்கிக் கிடக்க நாம் விடலாகாது.