சம்பளம் அரசுடையது, நியமனம் யாருடையது?

கேரளத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் அளிப்பது அரசுக் கருவூலம். அவரை நியமிப்பது பள்ளி நிர்வாகம். இந்நிர்வாகங்களில் கணிசமானவை கிறிஸ்தவத் திருச்சபைகளைச் சார்ந்தவை.

ஆசிரியர்களைத் தேர்வாணையப் பட்டியலிலிருந்தே நியமிக்க வேண்டும் என்றது, 1957-இல் ஈ.எம்.எஸ். அரசு கொண்டுவந்த கல்வி மசோதா. அதை முன்வைத்த கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியும் கத்தோலிக்கரே. 1958-இல் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், சில பிரிவுகள் சிறுபான்மையினர் உரிமையை மீறுவதாகக் கூறியது. ஆயினும், ஆசிரியர் தேர்வு குறித்த பிரிவை நிராகரிக்கவில்லை.

நீதிமன்றத்தில் நிலைத்த பிரிவு, அரசியலில் நிலைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, நாயர் சேவைச் சங்கம், முஸ்லிம் லீக், காங்கிரஸ் ஆகியன 'விமோசன சமரம்' என்ற போராட்டத்தில் கைகோத்தன. 1959 ஜூலை 31-இல் மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. அடுத்து வந்த கூட்டணி அரசு, 1960-இல் சட்டத்தைத் திருத்தி நியமன அதிகாரத்தை நிர்வாகங்களுக்கே திருப்பியளித்தது.

கேரளத்தின் எழுத்தறிவுக்குத் திருச்சபைகள் ஆற்றிய தொண்டு மறுக்க இயலாதது. நாயர், ஈழவர், முஸ்லிம் அமைப்புகளும் இதே சலுகையை அனுபவிக்கின்றன. ஆனால், சொந்தமாகப் பள்ளிகளை நிறுவ வலுவில்லாத தலித், பழங்குடிப் பட்டதாரிகள் யாரிடம் வேலை கேட்பது? பொதுப்பணத்தில் இயங்கும் பணியிடங்களில் அவர்களுக்குரிய பங்கு எது என்பதே விடை காணப்படாத கேள்வி.