ரோல்ஸ் ராய்ஸ்: அதிர்வை அடக்கிய கதை

1907ஆம் ஆண்டு ஒரு கார் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்தது. இரவு பகல் பார்க்காமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. பொய்க்கணக்கு எழுதிவிடாமல் இருக்க ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வை வேறு. 629ஆவது மைலில் எஞ்சின் சட்டென்று நின்றுபோனது. எதுவும் உடையவில்லை. பெட்ரோல் வரும் குழாயின் திருகு, ஓட்டத்தின் குலுக்கலில் தானாகவே மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். திறந்துவிட்டுக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு 14,371 மைல், எந்தக் கோளாறுக்காகவும் வண்டி நிற்கவில்லை. மொத்தம் 15,000 மைல், அதாவது ஏறக்குறைய 24,000 கிலோமீட்டர். ஓட்டம் முடிந்ததும் காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார்கள். மறுபடி புதிதாக்க மாற்றவேண்டியிருந்த பாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ்.

தூரப் பயணம் போகிறவர்கள் உதிரி பாகங்களையும் ஒரு மெக்கானிக்கையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கிளம்பிய காலம் அது. அந்தக் காருக்கு ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர். வெள்ளிப் பூச்சிட்ட பாகங்களும் அலுமினிய நிறமும் ஒரு காரணம். பேய் மாதிரி ஓசைப்படாமல் வந்து நிற்கும் என்பது இன்னொன்று.

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் நமக்கு மகாராஜாக்களும் தோல் இருக்கையும் தேக்கும் வால்நட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த அலங்காரத்தில் பெரும்பகுதியை அந்த நிறுவனம் செய்யவே இல்லை. 1940களின் பிற்பகுதி வரை அது விற்றது எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட சேஸிஸை மட்டும்தான். அதற்கு மேல் உடம்பு கட்டிக் கொடுத்தவர்கள் பார்க்கர், ஹூப்பர் போன்ற கோச்சு கட்டும் கம்பெனிக்காரர்கள். நிறுவனம் பெயர் வாங்கியது காரின் வயிற்றுக்குள் யார் கண்ணிலும் படாமல் சுழலும் ஓர் எஃகுத் தண்டால். கிராங்க் ஷாஃப்ட் என்கிறோமே, அதுதான்.

ஹென்றி ராய்ஸ் பிறந்தது 1863இல். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து பேப்பர் போட்டு, ரயில்வே பட்டறையில் தொழில் பழகப் போய், பணம் கட்ட முடியாமல் பாதியில் விட்டவர். பிறகு மான்செஸ்டரில் மின்சார அழைப்பு மணி, டைனமோ, கிரேன் என்று செய்து விற்றார். தன்னிடமிருந்த பிரெஞ்சுத் தயாரிப்பான டெகோவில் காரின் குறைகள் பொறுக்காமல்தான் தானே ஒன்று செய்யத் தொடங்கினார். 1904 ஏப்ரல் 1ஆம் தேதி அவருடைய இரண்டு சிலிண்டர் கார் பட்டறையைவிட்டு வெளியே வந்தது. சார்லஸ் ரோல்ஸ் இதற்கு நேர் எதிர்த் துருவம்: பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜ் படிப்பு, லண்டனில் வெளிநாட்டுக் கார் வியாபாரம். இரண்டு சிலிண்டர் கார் என்றாலே உதறும் என்று முகம் சுளிப்பவர். 1904 மே 4ஆம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ராய்ஸின் காரில் உட்கார்ந்து பார்த்த ரோல்ஸ், இனி இவர் செய்வதையெல்லாம் நானே விற்கிறேன் என்று ஒப்பந்தத்துக்கு இறங்கிவிட்டார். இருவருக்கும் நடுவில் நின்று விளம்பரம், கணக்கு, நிர்வாகம் எல்லாவற்றையும் இழுத்தவர் கிளாட் ஜான்சன். 1907 ஓட்டத்தின் சூத்திரதாரியும் அவரே.

இனி அந்த எஃகுத் தண்டு.

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. கனெக்டிங் ராடு அதைக் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியாக மாற்றுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும். அப்படியானால் ஒன்றின் உதறலை இன்னொன்று சரிக்கட்ட வேண்டும் அல்லவா? முழுக்கச் சரிக்கட்டாது. கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வருவதால், மேல்பாதிப் பயணத்தில் பிஸ்டனின் வேகம் அதிகம், கீழ்ப்பாதியில் குறைவு. உச்சியில் திரும்பும் பிஸ்டன் தருகிற உதை, அடியில் திரும்பும் பிஸ்டன் தருவதைவிடப் பெரியது. கழித்தது போக ஒரு மிச்சம் நிற்கும். தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு தடவை அந்த மிச்சம் எஞ்சினை உலுக்கும். நான்கு சிலிண்டர் கார் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் தெரிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

வரிசையாக ஆறு சிலிண்டர் வைத்து, கிராங்கின் வளைவுகளை 120 பாகை இடைவெளியில் அமைத்தால் இந்த மிச்சம் பூஜ்யமாகிவிடும். கணக்கு அவ்வளவு சுத்தம். ஆனால் அங்கே வேறொரு பூதம் கிளம்பியது. ஆறு சிலிண்டருக்கு நீளமான தண்டு வேண்டும். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் தண்டு துளி முறுக்கிக்கொண்டு திரும்பும். எஃகுதான், ஆனாலும் முறுக்கும். முறுக்கித் திரும்புவதற்கென்று அந்தத் தண்டுக்கே உரிய ஒரு தாளம் இருக்கிறது. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொடும்போது, ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல, வெடிப்புகள் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் தடதடப்பு, சில எஞ்சின்களில் தண்டே முறிந்துவிடும். அன்றைய பிரிட்டனில் ஆறு சிலிண்டருக்குப் பேர்போன நேப்பியர் கம்பெனியின் கார்களிலும் இந்தத் தடதடப்பு இருந்தது. விற்பனைத் தரப்பு அதற்கு ‘சக்தியின் சத்தம்’ என்கிற தோரணையில் ஒரு பெயரைச் சூட்டிச் சமாளித்தது. விளம்பரக் கலைக்கு வயது நூறுக்கு மேல்!

ராய்ஸும் முதலில் சறுக்கினார். இரண்டு சிலிண்டர் கட்டைகள் மூன்றை வரிசையாக வைத்து அவர் செய்த 30 குதிரைத்திறன் காரில் இதே தொல்லை. அடுத்த காரில், அதாவது சில்வர் கோஸ்டின் 40/50 மாடலில், கணக்கையே மாற்றிப் போட்டார். மூன்று சிலிண்டர் கட்டைகள் இரண்டு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல ஒரே வரிசையில். தண்டைத் தடிமனாக்கினார், ஏழு இடங்களில் பேரிங் வைத்துத் தாங்கினார். சிலிண்டரின் குறுக்களவும் பிஸ்டன் ஓடும் நீளமும் சமமாக 4.5 அங்குலம். தண்டின் உள்ளே துளை போட்டு, அழுத்தத்தில் எண்ணெய் ஓடவிட்டார். தண்டு விறைப்பாக இருந்தால் அதன் சொந்தத் தாளம் மேலேறும். எஞ்சின் சாதாரணமாக ஓடும் வேகத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். 7 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்த எஞ்சினில் ராய்ஸ் புதிதாகக் கண்டுபிடித்தது என்று பார்த்தால் அதிகம் இல்லை. தெரிந்த விஷயங்களை, வேறு எவருக்கும் பொறுமையில்லாத அளவுக்கு நுணுக்கமாகச் செய்தார். என் கணக்கில் அதுதான் பெரிய காரியம். பின்னாளில் ‘சர்’ பட்டம் வந்த பிறகும் அவர் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

ரோல்ஸ் அதிக நாள் இருக்கவில்லை. 1910 ஜூலை 12ஆம் தேதி போர்ன்மத் விமானக் காட்சியில் அவருடைய ரைட் விமானம் உடைந்து விழுந்து இறந்தார். எஞ்சின் பூட்டிய விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர்; வயது 32. அடுத்த ஆண்டே ராய்ஸ் கடுமையாக நோயுற்றார். 1933இல் இறக்கும்வரை தொழிற்சாலையைவிட்டு விலகி, கடலோர வீட்டில் இருந்தபடியே வரைபடங்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

புகழ் ஓரளவுக்கு மேல் வளர்ந்தால் கதைகள் தாமாக முளைக்கும். பானட்டை முத்திரையிட்டுத்தான் விற்பார்கள், சொந்தக்காரர்கூடத் திறக்கக் கூடாது என்பது ஒரு கதை. இந்தியாவில் எல்லாருக்கும் தெரிந்தது அல்வார் மகாராஜா கதை: லண்டன் ஷோரூமில் அவமதித்தார்களாம், மகாராஜா ஆறேழு கார்களை வாங்கிவந்து முன்னால் துடைப்பம் கட்டிக் குப்பை அள்ளவிட்டாராம், கம்பெனி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதாம். இதே கதை வேறு சமஸ்தானங்களின் பெயரிலும் உலவுகிறது. அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றும் தேறவில்லை. அடிமைப்பட்ட தேசத்துக்கு அப்படியொரு கதை தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். நம் மன்னர்கள் உண்மையில் செய்தது வாங்கிக் குவித்ததுதான். ராஜ்கோட் அரசருக்காக 1934இல் கட்டிய ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்ற காவி நிற ஃபேன்டம் காரைச் சேகரிப்பாளர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

கதைகளைவிட அதிகம் வேலை செய்தது ஒரு விளம்பரம். 1958இல் டேவிட் ஓகில்வி எழுதியது. மணிக்கு 60 மைல் வேகத்தில் இந்தக் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையது என்று தலைப்பு. அவர் சொந்தமாக யோசித்ததல்ல, ஒரு மோட்டார் பத்திரிகையின் மதிப்பீட்டிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ காருக்கு 1930களிலேயே இதே தோரணையில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. போகட்டும். அதைப் பார்த்த ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் ஒருவர், அந்தப் பாழாய்ப்போன கடிகாரத்தை ஏதாவது செய்தாக வேண்டும் என்று தலையை ஆட்டினார் என்பார்கள்.

நகைச்சுவைதான், ஆனால் ஒலியியல் தெரிந்தவர்களுக்கு அது சரியான கவலை. பெரிய சத்தம் சின்னச் சத்தங்களை மறைத்துவிடும். காது அப்படித்தான் வேலை செய்கிறது. எஞ்சின் உறுமலை எடுத்துவிட்டால் டயரின் இரைச்சல் வெளியே வரும். அதை அடக்கினால் கண்ணாடி ஓரத்தில் காற்று விசிலடிக்கும். அதையும் அடைத்தால் ஏசியின் மூச்சு, இருக்கையின் முனகல், கடைசியில் கடிகாரம். ஒவ்வொரு வெற்றியும் அடுத்த எதிரியைக் காட்டிக்கொடுக்கும்.

2017இல் வந்த ஃபேன்டமில் ஒலியை உறிஞ்சும் பொருள்கள் மட்டும் 130 கிலோவுக்கு மேல். இரண்டு அடுக்குக் கண்ணாடி, உள்ளே நுரை ஒட்டிய டயர். சோதனை முடிவைப் பார்த்த பொறியாளர்கள், கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று திரும்பச் சரிபார்த்தார்கள் என்பது நிறுவனம் சொல்லும் பெருமை. அதைவிடச் சுவையானது 2020இன் கோஸ்ட். முன்மாதிரியில் அமைதி அளவுமீறிப் போய், உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத் தலை கிறுகிறுத்ததாம். வண்டி ஓடுவதைக் கண் சொல்கிறது, காது மறுக்கிறது. மூளை குழம்பாமல் என்ன செய்யும்? இருக்கைச் சட்டம் முதல் டிக்கி வரை ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருதியில் அதிர்ந்துகொண்டிருந்ததைச் சரிசெய்து, எல்லாவற்றையும் ஒரே மெல்லிய சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். கச்சேரிக்கு முன் வாத்தியங்களுக்குச் செய்வதை இவர்கள் காருக்குச் செய்தார்கள்.

இதற்கிடையில் நிறுவனமே ஒருமுறை திவாலானது பலருக்கு மறந்துவிட்டது. கார் காரணமல்ல. இரண்டு உலகப் போர்களில் விமான எஞ்சின்தான் அதன் பெரிய தொழிலாக வளர்ந்திருந்தது. லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி211 எஞ்சின் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, விசிறி இதழ்களைக் கார்பன் இழையில் செய்யப் பார்த்தார்கள். பறவை மோதினால் தாங்குமா என்று செத்த கோழியை எறிந்து சோதித்ததில் இதழ்கள் நொறுங்கின. டைட்டேனியத்துக்கு மாறினார்கள், செலவு எகிறியது. 1971 பிப்ரவரி 4ஆம் தேதி கதை முடிந்தது. அரசு விமானப் பிரிவை எடுத்துக்கொண்டது. கார் பிரிவு தனியாகப் பிரிந்து, 1980இல் விக்கர்ஸ் கம்பெனியின் கைக்குப் போனது.

அந்தப் பிரிவினையின் விளைவு 1998இல் தெரிந்தது. விக்கர்ஸ் கார் நிறுவனத்தை ஏலத்துக்கு விட, பிஎம்டபிள்யூ 34 கோடி பவுண்டு கேட்டது, ஃபோக்ஸ்வாகன் 43 கோடி கொடுத்துத் தட்டிச் சென்றது. குரூ நகரத் தொழிற்சாலையும், கோயில் முகப்பு மாதிரியான கிரில்லும், மூக்கில் நிற்கும் சிறகு விரித்த பெண் சிலையும் ஃபோக்ஸ்வாகனுக்கு வந்தன. வராதது ஒன்றுதான்: பெயர். ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் விமான எஞ்சின் கம்பெனியிடம் இருந்தது. அது 4 கோடி பவுண்டுக்கு அந்தப் பெயரை பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஃபோக்ஸ்வாகன் கூடவே வந்த பென்ட்லி கார்களோடு திருப்திப்பட, 2003 ஜனவரி 1 முதல் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் குட்வுட்டில் கட்டிய புதிய ஆலையில், ஜெர்மன் முதலாளியின் கீழ் வருகின்றன. பழைய ஆலையிலிருந்து ஒரு செங்கல்லும் வரவில்லை. ஆனாலும் வாங்குகிறவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. 2022இல்தான் ஆண்டு விற்பனை முதன்முறையாக 6,000ஐத் தாண்டியது. டொயோட்டாவுக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை.

இப்போது மின்சாரம் வந்துவிட்டது. 1900இலேயே ஒரு மின்காரை ஓட்டிப் பார்த்த ரோல்ஸ், சத்தமில்லை, வாடையில்லை, அதிர்வில்லை, சார்ஜ் செய்ய ஆங்காங்கே நிலையங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று பாராட்டியிருந்தார். அந்த நிலையங்கள் வர ஒரு நூற்றாண்டு ஆனது. 2023இல் நிறுவனத்தின் முதல் மின்கார் ஸ்பெக்டர் வந்தது. 2024இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை ஏழரைக் கோடி ரூபாய். ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள பேட்டரியையே தரைக்கடியில் ஒலித்தடுப்பாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள். பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை, முறுக்கு அதிர்வும் இல்லை. ஆனால் பதினைந்து லட்ச ரூபாய் மின்காரிலும் இவை எதுவும் இல்லை. ராய்ஸ் ராப்பகலாக எதிர்த்துப் போராடியதை மோட்டார் சும்மாவே கொடுத்துவிடுகிறது. பாதசாரிகளுக்குக் கேட்க வேண்டுமே என்று, 20 கிலோமீட்டர் வேகம் வரை மின்கார்கள் செயற்கையாகச் சத்தம் எழுப்பியாக வேண்டும் என்று ஐரோப்பாவில் 2019இலிருந்தே விதி வேறு வந்திருக்கிறது.

டயரும் காற்றும் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ரோல்ஸ் ராய்ஸ் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. என்றாலும் நிறுவனம் பணத்தை எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். 2025 ஜனவரியில் குட்வுட் ஆலையை விரிவாக்க 30 கோடி பவுண்டுக்கு மேல் செலவிடப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்கு இன்னும் அதிகக் கார் செய்வதற்கு அல்ல. வாடிக்கையாளர் கேட்கும் வண்ணம், எம்பிராய்டரி, மரவேலை, ஒருவருக்கென்றே கட்டும் தனி உடம்பு, இவற்றுக்குத்தான். அந்தக் காலத்தில் பார்க்கரும் ஹூப்பரும் செய்துகொண்டிருந்த வேலை.