பிறப்பும் வழக்கமும்: சேர்வராயன் மலை தரும் பாடம்

மனிதன் சமூகத்தில் நடந்துகொள்ளும் முறை பிறவியிலேயே அமைந்ததா, அன்றி வளர்ப்பினால் வந்ததா என்பது நெடுநாளைய வினா. இதற்கு விடை தேடிச் செல்வோர் சேலம் மாவட்டத்து ஏற்காட்டையும் அதன் அடிவாரத்தையும் நோக்கினால் போதும்.

சேர்வராயன் மலையில் தொன்றுதொட்டு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருள். இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் தாங்கள் என்றும், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் பிரிந்து குடியேறியதாகவும் இவர்கள் கூறுவர். இக்கதைப்படி குருதி ஒன்றே. ஆயினும் மலைக்கு மலை வழக்கங்களில் வேற்றுமை உண்டு. குருதி மட்டுமே நடத்தையை வகுப்பதாயின் இவ்வேற்றுமை தோன்றியிராது.

இம்மலையில் காப்பிப் பயிர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவரால் புகுத்தப்பட்டது. இன்று காப்பிப் பழம் பறிப்பது பெண்களுக்கே ஏற்ற வேலை என்று பலர் கருதுகின்றனர். இருநூறு ஆண்டுகளே ஆன தொழில் ஒருவருடைய பிறவிக் குணமாக எவ்வாறு இருக்கக்கூடும்? ஆணுடலுக்கும் பெண்ணுடலுக்கும் இயற்கையில் வேறுபாடுகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்ன வேலை இன்னாருக்கு என்று வரி வகுப்பது பெரும்பாலும் ஊர் வழக்கமேயாகும்.

குழந்தை ஆணா, பெண்ணா என்பதை மட்டும் வழக்கம் தீர்மானிப்பதில்லை. மரபணுக்களைத் தாங்கிய குரோமோசோம்களே தீர்மானிக்கின்றன. தாய் அளிப்பது எப்போதும் எக்ஸ் குரோமோசோம். தந்தை எக்ஸ் அளித்தால் பெண். ஒய் அளித்தால் ஆண். எனவே பெண் மகவுக்காகத் தாயைப் பழிப்பது அறியாமையாகும்; தந்தையும் இதனைத் தம் விருப்பப்படி செய்வதில்லை.

இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது 1,000 ஆண்களுக்கு ஏறத்தாழ 950 பெண்கள். ஆனால் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 851 பெண்களே இருந்தனர். இக்குறைவு இயற்கையின் செயலன்று. வரதட்சிணைச் சுமைக்கு அஞ்சியும், ஆண் பிள்ளையே குடும்பத்தின் தாங்கல் என்றெண்ணியும் மனிதர் செய்த செயல்.

மலையாளிகளிடையே மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் அளிப்பது பழைய வழக்கம். அடிவாரத்துச் சமவெளியிலோ பெண் வீட்டாரே பொருள் கொடுக்கும் வழக்கம் பரவியது. பெண்ணின் இயல்பு மலையிலும் சமவெளியிலும் ஒன்றே. அவளைப் பேறாகவோ பாரமாகவோ காணும்படி செய்வது வழக்கமே.

வழக்கத்தால் வந்த கேட்டை மனித முயற்சியால் நீக்கவும் முடியும். 1961-இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 1994-இல் கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2011-இல் மேற்கூறிய எண் 916 ஆக உயர்ந்தது. பத்தாண்டுகளில் மக்களின் மரபணு மாறுவதில்லை. மாறியது மனமும் நடத்தையுமே.

950-ஐ எட்ட இன்னும் தூரம் உள்ளது. அத்தூரத்தைச் சட்டத்தால் மட்டும் கடக்க இயலாது. கிராமசபைகளும் மாதர் குழுக்களும் பள்ளி ஆசிரியர்களும் இவ்வுண்மையை வீடுதோறும் எடுத்துரைத்தல் வேண்டும். பெண் மகவு பிறந்த வீட்டில் தாயைத் தேற்றச் செல்லாமல், வாழ்த்தச் செல்லும் வழக்கத்தை நாம் ஏற்படுத்துவோமாக.