கல் பழகும் விதம்

புது இரும்புத் தோசைக்கல்லில் வாங்கிய அன்றே தோசை வார்த்தால் மாவு ஒட்டும், பிய்யும், ஓரம் கருகும். அதற்காகக் கல்லை யாரும் திட்டுவதில்லை. "இன்னும் பழகலை" என்று சொல்லி எடுத்து வைப்போம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு மதிப்பெண்ணுக்கு நொறுங்கி உட்கார்ந்தால் மட்டும், "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்குற சக்தியே இல்லை" என்று முடித்துவிடுகிறோம். மனத்திடமும் பழக்கி வருவதுதான். அது உள்ளே எப்படி நடக்கிறது என்பதைத் தோசைக்கல்லை வைத்தே பார்க்கலாம்.

என் அம்மா புதுக் கல்லை இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறப்போடுவார். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறு தீயில் ஏற்றுவார். பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்ப்பார். பிறகு ஆறவிடுவார். மறுநாள் மறுபடியும். சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகி, இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. பழகிய கல்லின் கறுத்த மினுமினுப்பு அதுதான். எண்ணெய் காட்டாமல் காயவிட்ட கல் துருப்பிடிக்கும். சூடே காட்டாமல் எண்ணெயை மட்டும் அப்பினால் பிசுபிசுக்கும். இரண்டும் சேர வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை.

தேர்வு, மேடை, தோழியோடு முறிவு, தோற்ற ஆட்டம் எல்லாம் பிள்ளைக்குச் சூடு. கூடவே நிற்கும் ஒரு பெரியவர்தான் எண்ணெய். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் குடி என்று பல பாரங்கள் ஒன்றாக அழுத்திய பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நிதானமும் அக்கறையும் உள்ள பெரியவராக வளர்ந்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்ட விஷயங்களில் ஒன்று, நம்பிப் பேச ஒரு ஆளாவது இருந்தது. பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர் யாராகவும் இருக்கலாம். கஷ்டம் மட்டுமே பிள்ளையைத் திடமாக்கும் என்று சொல்பவர்கள் இந்த ஒரு ஆளை மறந்துவிடுகிறார்கள்.

இனி சூட்டின் கணக்கு. அதிர்ச்சி வந்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. பின்னாலேயே மன அழுத்தச் சுரப்பான கார்டிசால் ஏறி, சுமார் 20 முதல் 30 நிமிடங்களில் உச்சம் தொடுகிறது. நிதானித்து யோசிக்கும் நெற்றிப்பக்க மூளை அந்த நேரத்தில் பின்வாங்கிவிடும். அந்தப் பகுதி முழுதாக முதிர்வதே இருபதுகளின் நடுவில்தான். கொதிக்கும் வார்ப்பிரும்புக் கல்லில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் கல் விரிசல் விடும். அந்த இருபது நிமிடத்துக்குள் நாம் கொட்டும் புத்திமதியும் அப்படித்தான். அனுபவமுள்ள கை நாலு சொட்டுத் தெளித்துப் பார்க்கும். சொட்டு முத்தாக உருண்டு ஓடினால், தீயைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கும்.

பத்தாம் வகுப்புக் காலாண்டில் என் அக்கா மகளுக்குக் கணக்கில் 28. அன்று மாலை என் வீட்டுக்கு வந்தவள் பையைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிண்ணம் சின்ன வெங்காயத்தை நகர்த்தி வைத்தேன். உட்கார்ந்து உரித்தாள். பாதிக் கிண்ணம் ஆனதும், "டென்ஷனா இருக்கு சித்தி" என்றாள்.

"டென்ஷன்னா, பயமா? கோபமா?"

வெங்காயத்தோலை விரலால் மடித்துக்கொண்டே இருந்தாள். "அவமானமா இருக்கு. எல்லார் முன்னாடியும் மார்க்கைப் படிச்சாங்க."

அந்தச் சொல் வந்ததும் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது மூளையின் அபாயமணியான அமிக்டலாவின் துடிப்பு தணிவதை 2007-இல் மேத்யூ லீபர்மன் குழு மூளைப் படங்களில் காட்டியது. பயம், கோபம், ஏக்கம், பொறாமை, வெட்கம், மனக்குறை, ஆற்றாமை என்று எத்தனை சொற்கள் நம்மிடம்! அத்தனையையும் "டென்ஷன்", "மூட் அவுட்" என்ற இரண்டு டப்பாவில் அடைத்துவிட்டோம். எந்த டப்பாவில் எது என்று தெரியாமல் எப்படித் தாளிப்பது?

அடுப்பு பெரியவர்கள் கையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். தோற்றவர்கள் ஒரு வருடத்தை இழக்காமல் எழுதத் துணைத்தேர்வு இருக்கிறது. இவை தீயைக் குறைத்த காரியங்கள். வீட்டில் அடி, வகுப்பில் தினமும் கேலி என்றால், பிள்ளையைத் திடமாக்கப் பார்ப்பது தவறு. முதலில் அந்தத் தீயை அணைக்க வேண்டும்.

விரிசல் விட்ட கல்லுக்கு எண்ணெய் போதாது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை, யாரோடும் ஒட்டவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே போங்கள், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அரையாண்டில் அவளுக்கு 47. அன்றும் வாசலில் வந்து நின்றாள், ஆனால் பையைக் கழற்றிவிட்டு. "கடைசி ரெண்டு கணக்குக்கு நேரம் பத்தலை சித்தி. எரிச்சலா இருக்கு. அடுத்த தடவை அதைத்தான் முதல்ல போடப்போறேன்" என்றாள். கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு வெங்காயம் எங்கே என்று கேட்டாள்.