சிறு டிராக்டர் வாங்குவோர் கியர்பெட்டியையும் ஆராய்க

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மானாவாரிக் கரிசலும் கிணற்றுப் பாசனச் செவலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் பயறு வகைகளும் விளைகின்றன. கிணற்றடியில் மல்லிகையும் மிளகாயும், மேற்கே புளியங்குடிப் பக்கம் எலுமிச்சையும் செழிக்கின்றன. உழவு மாடுகள் அருகிவிட்டன. வாடகை டிராக்டரோ, எல்லோருக்கும் ஒரே நாளில் தேவைப்படுவதால், வேண்டிய வேளையில் கிடைப்பதில்லை. ஆகவே பதினைந்து முதல் முப்பது குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர் ஒன்றைக் கடன் பெற்றேனும் வாங்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கத்தினர் பலருக்கு உண்டாகியிருக்கிறது.

எண்ணம் நல்லதே. ஆனால் குதிரைத்திறனையும் விலையையும் விசாரிப்பவர்கள், கியர்பெட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று விசாரிப்பதில்லை. என்ஜினின் வலிமையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அதன் தேர்வில் பிழை நேர்ந்தால் கடன் தீர்ந்த பின்னும் அத்தொல்லை தீராது.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. விசைத்தறியில் துணி சுருட்டும் பகுதியிலுள்ள மாற்றுப் பற்சக்கரத்தைக் கழற்றி வேறு எண்ணிக்கைப் பற்கள் கொண்ட சக்கரத்தைப் பூட்டினால், ஊடையின் நெருக்கம் மாறுகிறது. மோட்டாரின் வேகம் மாறவில்லை. பற்சக்கரத்தின் கணக்கு மாறியது. டிராக்டரிலும் அப்படியே. என்ஜின் ஒரே வேகத்தில் சுழலும்போது, உழவுக்கு மெதுவாகவும் சாலையில் விரைவாகவும் வண்டி செல்வது பற்சக்கரக் கணக்கினால்தான். அக்கணக்கை மாற்றும் முறையில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

முதல் வகை ஸ்லைடிங் மெஷ். இதில் பற்சக்கரமே தண்டின்மீது நகர்ந்து மற்றொன்றுடன் பற்களைக் கோத்துக்கொள்ளும். உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு, நம் ஊர்ப் பட்டறைகளிலேயே பழுது பார்க்கலாம். ஆனால் வண்டியை முழுமையாக நிறுத்தியே கியர் மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் பற்கள் உராய்ந்து முனை மழுங்கும். பதினைந்து குதிரைத்திறனுள்ள மகிந்திரா யுவராஜ் 215 இவ்வகையில் ஆறு முன் கியரும் மூன்று பின் கியரும் கொண்டு வந்தது.

இரண்டாவது கான்ஸ்டன்ட் மெஷ். இதில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுழலும். கியர் மாற்றும்போது பூட்டு வளையம் ஒன்றுதான் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைத் தண்டுடன் பூட்டும். ஆதலின் அதிர்ச்சி பற்களைத் தாக்குவதில்லை, சப்தமும் குறைவு. ஒன்பது முன் கியரும் மூன்று பின் கியரும் உள்ள குபோட்டா ஏ211என் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு.

மூன்றாவது சிங்க்ரோமெஷ். பூட்டுமுன் இரு உறுப்புகளின் வேகத்தையும் உராய்வுக் கூம்பு ஒன்று சமன் செய்வதால் நெம்புகோல் இலகுவாக நகரும். இதனோடு ‘ஷட்டில்’ என்னும் முன்பின் நெம்புகோலும் சேர்ந்தால், எந்தக் கியரில் முன்னே சென்றோமோ அதே கியரில் பின்னே வரலாம். 2023 ஆகஸ்டில் அறிமுகமான மகிந்திரா ஓஜா வரிசையில் பன்னிரண்டு முன்கியரும் பன்னிரண்டு பின்கியரும் இம்முறையில் அமைந்தன.

நான்காவது ஹைட்ரோஸ்டாட்டிக். என்ஜின் ஓர் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும். அழுத்தமேறிய எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றும். அதிலிருந்து சக்கரங்களுக்கு விசை செல்லும். மிதியை அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். இதற்குக் கிளட்சும் கியர் மாற்றமும் வேண்டா. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1967இல் இம்முறையைத் தன் 656 டிராக்டரில் பொருத்தி விற்றது. புல் வெட்டவும் மண் அள்ளவும் இது மிகவும் உகந்தது. ஆனால் பற்சக்கர வழியில் வீணாகும் விசையைக் காட்டிலும் எண்ணெய் வழியில் வீணாவது அதிகம். இருபது குதிரைத்திறனே உள்ள வண்டியில் அந்த நஷ்டம் கடும் உழவின்போது தெரிந்துவிடும். வடிகட்டியும் எண்ணெயும் குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும். தூசு நுழைந்தால் பழுது பார்க்கும் செலவு பெரிது.

இவற்றோடு கிளட்சையும் சேர்த்தே ஆராய வேண்டும். ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டியில் மிதியை அழுத்தினால் சக்கரமும் நிற்கும், ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டும் நிற்கும். இரட்டைக் கிளட்சில் பாதி அழுத்தினால் சக்கரம் மட்டும் நிற்கும். ரோட்டவேட்டர் சுழன்றுகொண்டே கட்டியை உடைக்கும். காய்ந்த கரிசலில் உழைத்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை விளங்கும்.

இனி, எவருக்கு எது பொருந்தும்?

மானாவாரிக் கரிசலையே நம்பியிருப்பவர்க்கு நீண்ட சால், குறைந்த திருப்பம், கடுமையான இழுவை. அவர்க்கு இரட்டைக் கிளட்சுடன் கூடிய கான்ஸ்டன்ட் மெஷ் போதுமானது. எலுமிச்சைத் தோப்பும் மல்லிகைக் கொல்லையும் உள்ளவர் ஒரு மணி நேரத்தில் பலமுறை முன்னும் பின்னும் திரும்புகிறார். அவர் ஷட்டிலுக்காகக் கூடுதல் பணம் தருவது வீண் செலவாகாது. கையில் முதல் குறைவு, வேலையும் ஆண்டில் சில நாள்களே என்பவர்க்கு, நிதானமாக ஓட்டத் தெரிந்தால், ஸ்லைடிங் மெஷ் பழுதில்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி உழவைத் தொழிலாகக் கொண்ட நமக்கு முதல் தேர்வாகாது.

கியர்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டா. பன்னிரண்டு கியர் இருந்தும், அவற்றுள் பல சாலை வேகத்தில் விழுந்தால் உழவனுக்கு என்ன பயன்? ரோட்டவேட்டருக்கு மணிக்கு இரண்டு முதல் நான்கு கிலோமீட்டரும், கொழுக்கலப்பைக்கு நான்கு முதல் ஆறு கிலோமீட்டரும் ஏறத்தாழ வேண்டியவை. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் என்ஜின் வேகத்தில், ஒவ்வொரு கியரிலும் வண்டி எத்தனை கிலோமீட்டர் போகும் என்னும் அட்டவணையைக் கேட்டுப் பெறுக. மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அவ்வறிக்கையில் பி.டி.ஓ. திறனும் இழுவைத் திறனும் எழுதியிருக்கும். விளம்பரத்தாளைவிட அதுவே நம்பத் தக்கது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்து மண் பதமாக இருக்கும் நாள்கள் மிகச் சிலவே. அந்நாள்களில் கியர்பெட்டி பழுதாகி, உறுப்பு வெளியூரிலிருந்து வரும்வரை வண்டி கொட்டகையில் நின்றால், அவ்வாண்டு விதைப்பே தவறிப்போகும். விதைப்புத் தவறினாலும் கடன் தவணை தவறாமல் வந்து நிற்கும். ஆகையால், ‘இதன் கிளட்ச் தட்டும் கியர்பெட்டி உறுப்புகளும் எவ்வூரில் கிடைக்கும்? பழுது பார்ப்பவர் யார்? மழைக்காலத்தில் எத்தனை நாளில் வருவார்?’ என்று விலை பேசுமுன்னரே கேட்க வேண்டும். இதற்குத் திருப்தியான விடை கிடைக்காத வண்டி எவ்வளவு நயமாக ஓடினாலும் நமக்குரியதன்று.

வண்டியைக் கடையின் முற்றத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. நம் நிலத்துக்கே வரவழைத்து, நம் கலப்பையைப் பூட்டி, அரை நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் அதை ஓட்டப்போகிறவரே அன்று ஓட்ட வேண்டும். அவருடைய கால் கிளட்சுக்கு எட்டுகிறதா, கை நெம்புகோலுக்கு எட்டுகிறதா என்பதும் தேர்வில் ஒரு பகுதியே.

நான்கைந்து அங்கத்தினர்கள் ஒரே வகை வண்டியைத் தேர்ந்தால், உறுப்புகளைச் சேர்த்து வாங்கி வைக்கலாம். ஒருவர் கற்ற பழுது வேலை மற்றவருக்கும் உதவும். ஐந்து ஏக்கருக்கு மேற்படாதவர்கள், தனித்தனியே கடன்படுவதைவிடக் கூடி ஒன்று வாங்கிச் சுழற்சியில் பயன்படுத்துவது நன்று. அவ்வாறு பலர் கைப்படும் வண்டிக்கு, முரட்டுக் கையையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் கான்ஸ்டன்ட் மெஷ்ஷே ஏற்றது. யாரிடம் எந்த நாள் வண்டி, எண்ணெய் மாற்றுவது யார் பொறுப்பு என்பனவற்றை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தறிக்கு அச்சு வாங்கும் நெசவாளர், நெய்யப்போகும் துணியை முதலில் தீர்மானித்த பிறகே அச்சைக் கேட்கிறார். டிராக்டர் வாங்குபவரும் தம் நிலத்தையும் வேலையையும் பட்டறையின் தூரத்தையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டு, அதன் பின்னர்க் கடைக்குச் செல்வாராக.